ப்ராசஸர் ஓட்டைக்கான பேட்ச்: அப்படியே விடுவதா, அணைப்பதா, மெஷினையே மாற்றுவதா?

அப்டேட்டுக்குப் பிறகு பழைய லேப்டாப் மந்தமாகிவிட்டது என்று யாராவது புலம்பினால், கூடவே ஒரு யோசனையும் வந்து விழும்: மெல்ட்டவுன், ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டைகளை அடைக்கும் பேட்ச்களை அணைத்துவிடு, போன வேகம் திரும்பி வந்துவிடும். லினக்ஸில் இதற்குப் பூட் வரியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியில் இரண்டு மதிப்புகளை மாற்ற வேண்டும், அல்லது இன்ஸ்பெக்டர் (InSpectre) என்ற இலவச மென்பொருளில் பட்டனை அழுத்த வேண்டும். இரண்டு நிமிட வேலைதான். செய்யலாமா?

கையில் நான்கு வழிகள் இருக்கின்றன. ஒன்று, எல்லாப் பேட்ச்களையும் வந்தபடியே விட்டுவிடுவது. இரண்டு, மொத்தமாக அணைப்பது. மூன்று, இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே கோரில் இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டும் ஹைப்பர்த்ரெடிங்கையும் நிறுத்துவது. நான்கு, ஓட்டையைச் சிலிக்கானிலேயே சரிசெய்த புதிய ப்ராசஸருக்கு மாறுவது. பெரும்பாலானவர்களுக்கு முதல் வழிதான் சரி என்பது என் கருத்து. ஆனால் "பாதுகாப்புதான் முக்கியம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டால் அது பதில் ஆகாது. இரண்டாவது வழி நியாயமாக இருக்கும் இடங்களும் உண்டு, நான்காவது வழி வீண் செலவாகும் இடங்களும் உண்டு. அதைப் பிரித்துப் பார்க்க, வேகம் எங்கே போகிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

வேகம் எங்கே போகிறது

இந்த இரண்டு ஓட்டைகளின் விவரமும் 2018 ஜனவரி 3 அன்று வெளியானது. கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ குழுவும், ஆஸ்திரியாவின் கிராட்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் உள்ளிட்ட வேறு ஆய்வாளர்களும் தனித்தனியே கண்டுபிடித்தவை. ப்ராசஸர் அடுத்து என்ன வரும் என்று ஊகித்து, வேலையை முன்கூட்டியே செய்து வைத்துக்கொள்ளும். ஊகம் தப்பினால் விடையைத் தூக்கிப் போட்டுவிடும். மேலதிகாரி அனுமதி தருமுன்பே கோப்பை எடுத்துக் குறிப்பு எழுதி வைக்கும் குமாஸ்தா மாதிரிதான். அனுமதி வராவிட்டால் குறிப்பைக் கிழித்துவிடுவார், ஆனால் எந்தக் கோப்பை எடுத்தார் என்பது மேசையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இங்கே அந்த மேசைதான் கேஷ், அதாவது சமீபத்தில் தொட்ட தரவை ப்ராசஸர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் சிறிய, வேகமான நினைவகம். ஒரு தரவைப் படிக்க எவ்வளவு நேரமாகிறது என்று அளந்தாலே, அது கேஷில் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடலாம். அதிலிருந்து ரகசியத்தை பைட் பைட்டாகக் கறந்துவிடலாம்.

மெல்ட்டவுனின் கதை எளிது. வேகத்துக்காக, ஓடுகிற ஒவ்வொரு நிரலின் பக்க அட்டவணையிலும் (எந்த நினைவகம் எங்கே இருக்கிறது என்ற பட்டியல்), இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நினைவகத்தையும் சேர்த்தே வைத்திருந்தார்கள். "நீ இதைத் தொடக்கூடாது" என்ற அனுமதிச் சோதனை மட்டும்தான் காவல். ஊக ஓட்டத்தில் அந்தச் சோதனை தாமதமாக நடந்ததால் காவல் பயனற்றுப் போனது. பேட்ச் அந்த அட்டவணையை இரண்டாகப் பிரித்தது: நிரலுக்கு ஒன்று, கெர்னலுக்கு ஒன்று. லினக்ஸில் இதன் பெயர் கேபிடிஐ, விண்டோஸில் கேவிஏ ஷேடோ. இப்போது ஒரு நிரல் கெர்னலிடம் எதையாவது கேட்கும் ஒவ்வொரு முறையும் அட்டவணையை மாற்ற வேண்டும், திரும்பும்போது மறுபடியும் மாற்ற வேண்டும்.

செலவு முழுக்க இந்த வாசலில்தான். ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு முறை உள்ளே போய் வெளியே வர 300 சைக்கிள் கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 கிகாஹெர்ட்ஸ் ப்ராசஸரில் அது ஒரு மைக்ரோ விநாடியில் பத்தில் ஒரு பங்கு. விநாடிக்குப் பத்தாயிரம் முறை கெர்னலைக் கூப்பிடும் நிரலுக்கு இழப்பு 0.1 சதவீதம், கண்ணுக்கே தெரியாது. பத்து லட்சம் முறை கூப்பிடும் நிரலுக்கு 10 சதவீதம், கட்டாயம் தெரியும். ஒரே கணினி, ஒரே பேட்ச், ஆனால் ஒருவருக்கு ஒன்றுமே ஆகவில்லை, இன்னொருவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான்.

வீடியோ என்கோடிங், 3டி ரெண்டரிங் போன்றவை கெர்னலை அதிகம் தொந்தரவு செய்யாமல் தாமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவை. கேம்களில் பெரும்பாலும் கிராஃபிக்ஸ் கார்டுதான் முட்டுக்கட்டை. ஆயிரக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகளைத் திறந்து மூடும் வேலைகள்தான் அடி வாங்குபவை: பெரிய ப்ராஜெக்ட் கம்பைல் செய்வது, கோப்புகளை அன்ஸிப் செய்வது, ஆன்டிவைரஸ் ஸ்கேன், டேட்டாபேஸ், விர்ச்சுவல் மெஷின். இதில் ஒரு வினோதமும் உண்டு. டிஸ்க் வேகமாக இருக்க இருக்க இழப்பு பளிச்சென்று தெரியும். ஹார்ட் டிஸ்க் வைத்திருப்பவருக்கு டிஸ்க்குக்காகக் காத்திருக்கும் நேரத்திலேயே கெர்னலின் கூடுதல் செலவு கரைந்துவிடும். வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியில் அப்படிக் கரைய நேரம் கிடையாது.

2018 ஜனவரியில் வந்த எண்கள்

மைக்ரோசாஃப்டில் அப்போது விண்டோஸ் பிரிவுத் தலைவராக இருந்த டெர்ரி மையர்சன் சொன்னது இன்றைக்கும் நல்ல அளவுகோல். 2016 வாக்கில் வந்த இன்டெல்லின் ஸ்கைலேக், கேபிலேக் அல்லது அதற்குப் புதிய ப்ராசஸரில் விண்டோஸ் 10 ஓடினால் ஒற்றை இலக்கச் சதவீத இழப்பு, பெரும்பாலோர் உணரமாட்டார்கள். 2015 காலத்து ஹாஸ்வெல் அல்லது அதற்கும் பழையதில் விண்டோஸ் 10 என்றால் சிலர் உணர்வார்கள். அதே பழைய ப்ராசஸரில் விண்டோஸ் 7 அல்லது 8 என்றால் பெரும்பாலோர் உணர்வார்கள். இன்டெல் அதே மாதம் தந்த, சிஸ்மார்க் என்ற வேகச் சோதனையின் எண்களில் எட்டாம் தலைமுறைக்கு 6 சதவீதத்துக்குள், ஏழாம் தலைமுறைக்குச் சுமார் 7, ஆறாம் தலைமுறைக்குச் சுமார் 8 சதவீதம் என்று இருந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் படிக்க மட்டுமே செய்யும் ஒரு சோதனையில் 17 முதல் 23 சதவீதம் வரை இழப்பு வந்தது. ஆனால் அதை உருவாக்குபவர்களில் ஒருவர் வேண்டுமென்றே மோசமான சூழலைத் தேர்ந்தெடுத்து ஓட்டிய சோதனை அது. அந்த எண்தான் தலைப்புச் செய்தியாகி, எல்லாக் கணினியும் நாலில் ஒரு பங்கு மந்தமாகிவிடும் என்று பரவியது.

பழைய ப்ராசஸருக்கு ஏன் அதிக அடி? அட்டவணை மாறும்போது, முகவரிகளை நினைவில் வைத்திருக்கும் டிஎல்பி என்ற சின்ன கேஷைத் துடைக்க வேண்டும். பிசிஐடி என்ற வசதி இருந்தால் முழுதாகத் துடைக்கத் தேவையில்லை. அதை நன்றாகப் பயன்படுத்த உதவும் துணைக் கட்டளை ஹாஸ்வெல்லில்தான் வந்தது. அதற்கு முந்தைய ஐவிபிரிட்ஜ், சாண்டிபிரிட்ஜ் வைத்திருப்பவர்களின் புலம்பலில் நியாயம் இருக்கிறது.

எல்லாவற்றையும் அப்படியே விட்டால்

2018-இன் எண்கள் அப்படியே நின்றுவிடவில்லை. ஒரு பக்கம் இறங்கின. ப்ராசஸரின் ஊகத்தையே தப்பான இடத்துக்குத் திருப்பிவிடும் ஸ்பெக்டரின் இரண்டாம் வகைக்கு, ப்ராசஸருக்குள்ளேயே ஓடும் மைக்ரோகோட் என்ற நிரலை மாற்றி முதலில் வந்த தீர்வு கனமானது. கூகுளின் பால் டர்னர் உருவாக்கிய ரெட்போலின் என்ற மென்பொருள் உத்தி அதைவிட இலகு. லினக்ஸ் உடனே எடுத்துக்கொண்டது, விண்டோஸ் 10-இல் 2019-இல் வந்தது. பேட்ச் வந்த வாரத்தில் அளந்து பார்த்து வெறுத்துப்போனவர், இன்று அளந்தால் வேறு எண்தான் கிடைக்கும்.

இன்னொரு பக்கம் ஏறின. 2022 ஜூலையில் ரெட்பிளீட் என்ற புதிய ஓட்டை வந்தது. ரெட்போலினையே குறிவைத்த தாக்குதல் இது. அதற்கான லினக்ஸ் பேட்ச்களின் செலவு ஏஎம்டியில் 14, இன்டெல்லில் 39 சதவீதம் வரை போனதாகக் கண்டுபிடித்த ஜூரிச்சின் இடிஎச் பல்கலைக்கழக ஆய்வாளர்களே சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் டவுன்ஃபால் என்ற இன்னொரு ஓட்டை. இது ஆறாம் தலைமுறை முதல் பதினொன்றாம் தலைமுறை வரையிலான இன்டெல் ப்ராசஸர்களைப் பாதிக்கிறது. பேட்ச் அடித்தது கெர்னல் வாசலை அல்ல, சிதறிக் கிடக்கும் எண்களை ஒரே கட்டளையில் அள்ளும் கேதர் கட்டளைகளை. சில வேலைகளில் 50 சதவீதம் வரை இழப்பு வரலாம் என்று இன்டெல்லே ஒப்புக்கொண்டது. 2018-இல் தப்பித்த கணக்கு வேலைகள் 2023-இல் மாட்டிக்கொண்டன. கேதரை அதிகம் பயன்படுத்தும் அறிவியல் கணக்கீடு, சில பட, வீடியோ மென்பொருள்கள் தவிர மற்றவர்களுக்கு இது பெயர் தெரியாத செய்தியாகவே போய்விட்டது.

ஆக முதல் வழியின் விலை, தினசரி பயன்பாட்டில் சில சதவீதம். அலுவலக வேலை, இணையம், வீடியோ பார்ப்பது என்று இருப்பவருக்கு இதைக் கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த மெஷின் மந்தமாக இருந்தால் முதல் சந்தேகம் ரேம் மேலேயும் ஹார்ட் டிஸ்க் மேலேயும் வர வேண்டும். 4 ஜிபி ரேமும் சுழலும் டிஸ்க்கும் வைத்துக்கொண்டு பேட்ச்களைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. எஸ்எஸ்டி போட்டால் கிடைக்கும் வேகத்தின் பக்கத்தில்கூட, பேட்ச்களை அணைத்துக் கிடைப்பது வராது.

மொத்தமாக அணைத்தால்

லினக்ஸ் 5.2 பதிப்பு முதல் மிட்டிகேஷன்ஸ்=ஆஃப் என்ற ஒற்றைச் சொல் எல்லாவற்றையும் சேர்த்து அணைக்கிறது. அதற்கு முன் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சொல் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இங்கேதான் பலர் தப்பான கேள்வியைக் கேட்கிறார்கள். "என் கணினியை யார் குறிவைக்கப் போகிறார்கள்?" என்பது அந்தக் கேள்வி. சரியான கேள்வி வேறு: உங்கள் கணினியில், நீங்கள் நம்பாத ஒருவரின் நிரல், ஏதாவது ஒரு கூண்டுக்குள் அடைபட்டு ஓடுகிறதா? இந்த ஓட்டைகள் செய்வது அந்தக் கூண்டை உடைப்பதுதான். நீங்களே டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்த ஒரு மென்பொருள் கெட்டதாக இருந்தால், அதற்கு மெல்ட்டவுன் தேவையே இல்லை. உங்கள் கோப்புகள் ஏற்கெனவே அதற்குத் திறந்து கிடக்கின்றன. கூண்டுக்குள் ஓடுபவை மூன்று வகை: பிரவுசர் டேப்கள், விர்ச்சுவல் மெஷின்கள், ஒரே கணினியைப் பகிரும் வேறு பயனர்களின் கணக்குகள்.

தனிப்பட்ட கணினியில் முதல் வகைதான் முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரு இணையப் பக்கத்தைத் திறப்பது என்றால், எங்கிருந்தோ வந்த ஜாவாஸ்கிரிப்ட்டை உங்கள் ப்ராசஸரில் ஓட விடுவது. 2021 மார்ச்சில் கூகுள் ஒரு செய்முறை விளக்கத்தை வெளியிட்டது. ஸ்கைலேக் ப்ராசஸரில் குரோம் 88-க்குள் ஓடும் சாதாரண ஜாவாஸ்கிரிப்ட், விநாடிக்கு ஒரு கிலோபைட் வேகத்தில் நினைவகத்தைக் கசியவிட்டது. ஒரு பாஸ்வேர்டுக்கு ஒரு கிலோபைட்டே அதிகம்.

"பிரவுசர்கள்தான் தனியாகத் தற்காப்பு வைத்திருக்கின்றனவே, கெர்னலில் அணைத்தால் என்ன?" என்பது அடுத்த வாதம். வைத்திருக்கின்றன, உண்மை. 2018-இலேயே நேரம் அளக்கும் கடிகாரங்களின் துல்லியத்தைக் குறைத்தார்கள். குரோம் 67 முதல் ஒவ்வொரு தளத்தையும் தனித்தனி ப்ராசஸில் வைக்கும் சைட் ஐசொலேஷன் வந்தது. அதற்கே 10 முதல் 13 சதவீதம் ரேம் கூடுதலாகச் செலவாகிறது என்று கூகுள் சொன்னது. ஆனால் அந்தத் தற்காப்பு முழுவதும் "ஒரு ப்ராசஸ் இன்னொன்றின் நினைவகத்தைப் படிக்க முடியாது" என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கையைத் தாங்கிப் பிடிப்பவைதான் நீங்கள் அணைக்கப் போகும் கெர்னல் பேட்ச்கள். மெல்ட்டவுனை ஜாவாஸ்கிரிப்ட்டிலிருந்து நேரடியாகச் செய்வது கடினம்தான். ஆனால் வேறொரு ஓட்டை வழியே ஒரு டேபைக் கைப்பற்றியவருக்கு, அடுத்த கதவு தாழ்ப்பாளே இல்லாமல் இருக்கும்.

எதிர்த்தரப்பின் வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் கணினிகளைக் குறிவைத்து இந்த ஓட்டைகள் வழியாகப் பரவலாக நடந்த தாக்குதல் எதுவும் வெளியே வரவில்லை. பொய் மின்னஞ்சல் அனுப்பி பாஸ்வேர்டைப் பிடுங்குவது இதைவிடப் பல மடங்கு சுலபம், திருடர்கள் சுலபமானதைத்தான் செய்வார்கள். ஆனால் எல்லோர் கணினியிலும் பேட்ச் இருப்பதால்தான் இந்த வழியில் மெனக்கெட ஆளில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

சரி, அணைப்பது எங்கே நியாயம்? இணையத்தோடு தொடர்பே இல்லாமல் ரெண்டரிங்கோ கணக்கீடோ மட்டும் ஓடும் மெஷின். வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் திறக்கப்படாத, நம்பகமான கோட் மட்டும் கம்பைல் ஆகும் பில்ட் மெஷின். பழைய கேம்களுக்கென்றே ஒதுக்கி வைத்த பெட்டி. ஒரே கணினிதான் இருக்கிறது என்றால், லினக்ஸில் பூட் மெனுவில் இரண்டு வரிகள் வைத்துக்கொள்ளலாம்: ஒன்று பேட்ச்களோடு, இன்னொன்று இல்லாமல். கனமான வேலை இருக்கும் இரவில் மட்டும் நெட்டைத் துண்டித்துவிட்டு இரண்டாவதில் நுழையலாம். இந்த ஒழுக்கம் எத்தனை நாள் தாங்கும் என்பதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிடுகிறேன்.

அணைத்தால் வேகம் கூடியே தீரும் என்பதும் இல்லை. ஏஎம்டியின் ஜென் 4, அதாவது ரைசன் 7000 வரிசையில், அணைத்துப் பார்த்த சோதனைகளில் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை, சில வேலைகள் இன்னும் மெதுவாயின. பேட்ச்கள் ஓடும் என்று எதிர்பார்த்தே வடிவமைத்த ப்ராசஸர் போலிருக்கிறது.

மொத்தமாக அணைப்பதற்கும் தேவையற்ற ஒரு அடுக்கை மட்டும் எடுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. உபுண்டு 25.10 என்ற லினக்ஸ் பதிப்புக்கு இன்டெல்லும், உபுண்டுவை உருவாக்கும் கெனானிகலும் சேர்ந்து இரண்டாவதைத்தான் செய்தன. இன்டெல் கிராஃபிக்ஸின் கணக்கீட்டு மென்பொருளில் தனியாக இருந்த ஸ்பெக்டர் தற்காப்பை நீக்கினார்கள். கெர்னலே அந்த வேலையைச் செய்கிறது, இரட்டைப் பூட்டு வேண்டாம் என்பது காரணம். 20 சதவீதம் வரை வேகம் திரும்பலாம் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் அளந்து எடுத்த முடிவு அது. பூட் வரியில் ஒரு சொல்லைத் தட்டுவதற்கு அதை முன்னுதாரணமாகக் காட்ட முடியாது.

ஹைப்பர்த்ரெடிங்கை நிறுத்துவது

2019 மே மாதம் ஸோம்பிலோட் என்ற பெயரில் பிரபலமான எம்டிஎஸ் ஓட்டைகள் வந்தபோது, ஒரே கோரைப் பகிரும் இரண்டு திரெட்கள் ஒன்றையொன்று வேவு பார்க்க முடியும் என்பது தெளிவானது. முழுப் பாதுகாப்பு வேண்டுமானால் ஹைப்பர்த்ரெடிங்கை நிறுத்த வேண்டும். அப்படி நிறுத்தினால் 40 சதவீதம் வரை வேகம் குறையலாம் என்று ஆப்பிள் தன் சோதனைகளை வைத்துச் சொன்னது. குரோம் ஓஎஸ் அதை இயல்பாகவே நிறுத்தியது, ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளம் ஒரு வருடம் முன்பே நிறுத்திவிட்டிருந்தது.

தனிப்பட்ட கணினிக்கு இது தேவையில்லை என்றே நினைக்கிறேன். இரண்டு கோர், நான்கு திரெட் கொண்ட லேப்டாப்பில் இதைச் செய்தால் மெஷின் தாங்காமல் மந்தமாகிவிடும். செய்தியாளர், வழக்கறிஞர் போன்று யாராவது குறிவைக்கக்கூடியவர்கள், அல்லது நம்பாத மென்பொருளை விர்ச்சுவல் மெஷினில் ஓட்டிச் சோதிப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். ஒன்பதாம் தலைமுறை வரையிலான பல டெஸ்க்டாப் ஐ5-களில் ஹைப்பர்த்ரெடிங்கே கிடையாது, அவர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது.

மெஷினை மாற்றுவது

ஏஎம்டி ப்ராசஸர்கள் மெல்ட்டவுனில் ஆரம்பத்திலிருந்தே மாட்டவில்லை. இன்டெல்லில் 2018 பிற்பாதியிலிருந்து சிலிக்கானிலேயே திருத்தம் வரத் தொடங்கியது. பழைய மெஷின் வாங்குபவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஐ5-8250யு, ஐ5-8265யு இரண்டும் "எட்டாம் தலைமுறை" என்றே விற்கப்படுகின்றன, இரண்டிலும் விண்டோஸ் 11 ஓடும். ஆனால் முதலாவதில் மெல்ட்டவுன் இருக்கிறது, கேபிடிஐ செலவும் இருக்கிறது. விஸ்கி லேக் குடும்பத்தைச் சேர்ந்த இரண்டாவதில் அந்த ஓட்டை ஹார்டுவேரிலேயே அடைக்கப்பட்டது. விலை ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் எதை எடுப்பது என்பதில் குழப்பமே வேண்டாம்.

புதியது வாங்கினால் ஓட்டையே இருக்காது என்று மட்டும் எண்ண வேண்டாம். ஸ்பெக்டர் வகை ஓட்டைகள் ஊகித்து ஓடும் எல்லா ப்ராசஸருக்கும் பொது, புதிய வடிவங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. 2025 மே மாதம் இடிஎச் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒன்று இன்டெல்லின் ஒன்பதாம் தலைமுறையிலிருந்து பாதிக்கிறது. ஆனால் அதற்கான மைக்ரோகோட்டின் செலவு பன்னிரண்டாம் தலைமுறையான ஆல்டர் லேக்கில் 2.7 சதவீதம் வரைதான். புதிய மெஷினில் ஓட்டைகள் குறைவு என்பதைவிட, அடைக்கும் செலவு குறைவு என்பதே லாபம். இதற்காக மட்டும், நன்றாக ஓடும் மெஷினைத் தூக்கிப் போடுவது காசுக்குக் கேடு. வேறு காரணங்களுக்காக எப்படியும் மாற்றப் போகிறீர்கள் என்றால் இதுவும் ஒரு கூடுதல் நியாயம், அவ்வளவுதான்.

முடிவெடுக்கும் முன் அளந்து பாருங்கள்

அடுத்தவர் போட்ட பெஞ்ச்மார்க்கை நம்பாதீர்கள், நீங்கள் தினமும் காத்திருக்கும் வேலையையே ஓட்டுங்கள். ப்ராஜெக்ட் கம்பைல் ஆகும் நேரம், வீடியோ எக்ஸ்போர்ட் ஆகும் நேரம், எதுவாக இருந்தாலும் சரி. பேட்ச்களோடு சில முறை, நெட்டைத் துண்டித்து பேட்ச்கள் இல்லாமல் சில முறை. முதல் ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம், கேஷ் காலியாக இருப்பதால் எப்போதும் மெதுவாகவே வரும். லேப்டாப் என்றால் சார்ஜர் செருகியே இருக்கட்டும், சூடு ஆறிய பிறகு ஓட்டுங்கள். வித்தியாசம் ஓட்டத்துக்கு ஓட்டம் மாறும் அளவுக்குள்ளேயே இருந்தால் விஷயம் முடிந்தது, பேட்ச்களை மறுபடி இயக்கிவிட்டு வேலையைப் பாருங்கள். 20 சதவீதத்துக்கு மேல் வந்தால் மேலே சொன்ன இரண்டாவது பூட் வரியைப் பற்றி யோசிக்கலாம்.

உங்கள் ப்ராசஸருக்கு எவை பொருந்தும் என்று பார்க்க, லினக்ஸில் டெர்மினலில் எல்எஸ்சிபியு கட்டளை போதும். கடைசியில் ஓட்டைகளின் பட்டியல் வரும். "நாட் அஃபெக்டட்" என்று இருப்பவற்றுக்கு நீங்கள் எந்த விலையும் கொடுக்கவில்லை, அணைத்தாலும் எதுவும் கிடைக்காது. "வல்னரபிள்" என்று இருந்தால் பயோஸ் அப்டேட்டோ மைக்ரோகோட் பொதியோ விடுபட்டிருக்கலாம். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் தரும் ஸ்பெகுலேஷன் கண்ட்ரோல் என்ற பவர்ஷெல் தொகுப்பு இதே வேலையைச் செய்யும்.

மிகப் பழைய ப்ராசஸர் வைத்திருப்பவர்களுக்கு இந்த நான்கு வழிகளும் முழுதாகத் திறந்திருக்கவில்லை. பென்ரின், வுல்ஃப்டேல், யார்க்ஃபீல்ட் போன்ற பழைய ப்ராசஸர் குடும்பங்களுக்கு ஸ்பெக்டர் மைக்ரோகோட் வராது என்று 2018 ஏப்ரலிலேயே இன்டெல் கைவிரித்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. அந்த வகை மெஷினில் இப்போதைய லினக்ஸ் ஒன்றைப் போட்டு, கெர்னல் தரும் பேட்ச்களை அப்படியே விட்டு, பிரவுசரை அவ்வப்போது புதுப்பித்துவந்தால், சாதாரண இணைய வேலைக்கு இன்னும் சில காலம் ஓட்டலாம். வங்கி வேலையை மட்டும் வேறு கருவிக்கு மாற்றிவிடுங்கள்.